தோட்டத்துச் சிறாரும் அறவுணர்வும்: ஒரு வரலாற்று நோக்கு

அறம் என்பது கற்பித்தலால் வருவதா, பழக்கத்தால் வருவதா, அன்றிப் பிறப்போடு உடன்வருவதா என்னும் வினா மிகப் பழையதாகும். பிளேட்டோ இயற்றிய உரையாடலொன்றிலே மெனோ என்னும் இளைஞன் சோக்கிரதீசை நோக்கிக் கேட்கும் முதல் வினாவே இதுதான். நம் முன்னோர் இதனை வேறொரு வகையால் எதிர்கொண்டனர். அரிச்சுவடி முடித்த பிள்ளைக்கு அகரவரிசையில் அமைந்த ஒழுக்க வாக்கியங்களை மனப்பாடஞ் செய்வித்தனர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் இவ்வகையின. எழுத்தறிவும் அறவறிவும் ஒரே நாவிலே ஒருங்கே பழகட்டும் என்பது அவர்தம் கருத்தாகும்.

ஆயினும், மனப்பாடஞ் செய்த வாக்கியம் நடத்தையாக மாறுவது எவ்வாறு? சிலரிடத்து மாறாது நின்றுவிடுவது ஏன்? ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேற் கழித்த எனக்கு இவ்வினா நூல்வழி வந்ததன்று. வகுப்பறையிலே, என் தவறொன்றின் வழியாக வந்தது. அத்தவறினைப் பின்னர்க் கூறுவேன். அதற்கு விடை தேடுமிடத்து, நான் பிறந்து வளர்ந்து இன்றும் பணியாற்றும் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றையே ஏடாகக் கொள்ளலாமென்று கண்டேன். நூற்றைம்பது ஆண்டுகளாக அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளின் லயங்களிலே வளர்ந்த சிறார், நன்மை தீமை பகுத்தறியும் ஆற்றலையும் பிறர்க்கு உதவும் பண்பையும் எங்கிருந்து பெற்றனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறிஞர் கண்ட படிமுறை

சிறாரின் அறவுணர்வு படிப்படியாக வளர்வது என்பதை முறையாக ஆராய்ந்து கூறியவருள் முதன்மையானவர் சுவிற்சர்லாந்து நாட்டவரான ஜீன் பியாஜே என்பவராவர். சிறுவரின் அறத்தீர்ப்பைப் பற்றிய அவரது நூல் 1932ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர் பேராலயங்களையோ நீதிமன்றங்களையோ நாடிச் சென்றாரல்லர், தெருவிலே கோலி விளையாடும் சிறுவரிடஞ் சென்று, "இவ்விளையாட்டின் விதிகளை யார் செய்தார்? அவற்றை மாற்றலாமா?" என வினவினார். இளையவர் விதிகளை மாற்றவொண்ணாப் புனித ஆணைகளாகக் கருதினர். மூத்தவரோ, எல்லாரும் இசைந்தால் மாற்றலாம் என்றனர்.

அவர் சிறுவரிடம் ஒரு கதையும் சொன்னார். உணவுண்ண அழைக்கப்பட்ட ஒரு பையன் கதவைத் திறக்கிறான். கதவின் பின்னே கோப்பைத் தட்டிருப்பது அவனுக்குத் தெரியாது. 15 கோப்பைகள் உடைந்துபோகின்றன. மற்றொரு பையன் தாயில்லாத வேளையிலே தின்பண்டம் திருடக் கைநீட்டி ஒரே கோப்பையை உடைக்கிறான். யார் பெருங்குற்றவாளி? 15 கோப்பை உடைத்தவனே என்பர் இளஞ்சிறார். அவன் கருதிச் செய்யவில்லையே என்பர் வளர்ந்தோர். விளைவை எண்ணுவதிலிருந்து எண்ணத்தை நோக்குவதற்கு மனம் உயர்வதே வளர்ச்சி எனக் கண்ட பியாஜே, அவ்வளர்ச்சிக்குக் காரணம் பெரியோரின் கட்டளையன்று, ஒத்த வயதினரோடு கூடி விளையாடி, வாதாடி, இணங்கி வாழும் பழக்கமே என்றும் கூறினார். முன்னது அச்சத்தால் வரும் பிறர்வழி ஒழுக்கம். பின்னது உணர்வால் வரும் தன்வழி ஒழுக்கம்.

அமெரிக்க அறிஞரான லோறன்ஸ் கோல்பேர்க் 1958ஆம் ஆண்டின் தம் ஆய்விலே இப்படிமுறையை இளைஞர் பருவத்துக்கும் நீட்டி வகுத்தார். அவர் ஆராய்ந்தவர் யாவரும் ஆண்பிள்ளைகளே. இதனைச் சுட்டிய கரோல் கில்லிகன் என்னும் அம்மையார், நீதியை மாத்திரம் அளவுகோலாக்கினால், பிறரைப் பேணுதல் என்னும் அறத்தின் மற்றொரு குரல் கேளாதொழியும் என 1982ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். இன்னும் அண்மையில், 2006ஆம் ஆண்டு பீலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் தோமசெல்லோ என்னும் இருவர், 18 மாதக் குழந்தைகள்கூட, கைநழுவிய பொருளை எட்டி எடுக்க முயலும் அந்நியருக்குத் தாமாகவே உதவ முற்படுவதைச் சோதனை மூலம் காட்டினர். உதவும் விருப்பம் மிக இளமையிலேயே முளைவிடுகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

எனினும், நம் ஆய்வுக்கு மிக நெருங்கியது பியற்றிஸ் விற்றிங், ஜோன் விற்றிங் தம்பதியரின் ஆய்வேயாகும். கென்யா, மெக்சிக்கோ, பிலிப்பைன்ஸ், ஒக்கினாவா, வட இந்தியா, அமெரிக்கா என ஆறு இடங்களிலே சிறாரின் அன்றாட நடத்தையைக் கூர்ந்து நோக்கி எழுதப்பட்ட அவர்தம் நூல் 1975ஆம் ஆண்டு வெளிவந்தது. தாய்மார் வெளியே உழைக்கும் குடும்பங்களில், தம்பி தங்கையரைப் பராமரித்தும் நீர் சுமந்தும் விறகு பொறுக்கியும் வளரும் பிள்ளைகளே, பிறர்க்கு உதவி நல்குவதிலும் ஆதரவு காட்டுவதிலும் முன்னின்றனர் என்பது அவர் கண்ட முடிபு. இந்நூலை நான் முதன்முதல் படித்தபோது, ஆறு இடங்களுள் ஒன்றாக எங்கள் தோட்டம் இல்லையே என்று எண்ணினேன். ஏனெனில் அதில் வரும் பிள்ளைகள் யாவரும் எனக்குத் தெரிந்த பிள்ளைகளாயிருந்தனர்.

லயத்துப் பிள்ளை பிறந்த உலகம்

1820களிலே கண்டிப் பகுதியிற் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது. அதற்கு வேண்டிய தொழிலாளர் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளைவரை நடந்து வந்தனர். வழியிலே மாண்டோர் பலர். கோப்பித் தொழில் பருவகாலத் தொழிலாதலின், வந்தோருட் பெரும்பாலோர் ஆடவர். பழம் பறிக்கும் காலம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1869ஆம் ஆண்டு தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867ஆம் ஆண்டு லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் இட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

இம்மாற்றம் பயிர்மாற்றம் மட்டுமன்று. தேயிலையிலே கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்படல் வேண்டும். அதற்குப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் குடும்பம் வரும். எனவே மலைநாட்டிலே பிள்ளைகள் பிறந்து வளர்ந்து நிலைத்த ஒரு சமுதாயம் உருவாயிற்று எனின், அதற்கு வித்திட்டது தேயிலைச் செடியே எனலாம்.

அப்பிள்ளை கண்ட உலகம் எத்தகையது? மலையுச்சியிலே துரையின் பங்களா, அதன் கீழே கணக்கப்பிள்ளை, கண்டக்டர் முதலியோரின் வீடுகள், பள்ளத்திலே லயங்கள். ஒரு காம்பராவிலே ஒரு குடும்பம், சில வேளை இரண்டு. விடியுமுன் தப்பு முழங்கும். பிரட்டுக்களத்திலே பேர் போடுவர். பிந்தி வந்தவருக்கு வேலையில்லை. கொழுந்து குறைந்தவருக்கு அரைப்பேர். துரை வரும் பாதையிலே தொழிலாளி ஒதுங்கி நிற்றல் வேண்டும். பெரிய கங்காணியிடம் பட்ட கடன் தலைமுறை தாண்டியும் தொடர்ந்தது. கடனோடு ஆளையும் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தாற் தடுக்கப்பட்டது.

பியாஜேயின் சொல்லாற் கூறின், இது வளர்ந்தோரையும் சிறுவராகவே வைத்திருந்த உலகம். விதி மேலிருந்து வந்தது. அதனை யார் செய்தார் எனக் கேட்பதற்கு இடமிருக்கவில்லை. தந்தை கைகட்டி நிற்பதை மகன் கண்டான். அச்சமே ஒழுக்கம் என அவன் எண்ணியிருந்தால் அது வியப்பன்று.

சிறுவனும் அவ்வுலகில் ஒரு பேராகவே எண்ணப்பட்டான். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின்படி 1929இல் உயர்மலைப் பகுதிக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி, ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பத்து வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்தலாகாது என அச்சட்டம் விதித்தமையே அக்காலத்தில் ஒரு முன்னேற்றமாயிற்று. கல்வியின் நிலையும் இத்தகையதே. 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்குங் கடமையைத் தோட்டத்துரைமாரிடம் விட்டது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வயதுப் பிள்ளைகளைக் காலை 10 மணிக்கு முன் வேலைக்கு அழைக்கலாகாது என்றது. காலையில் ஏடு, பின்னர் களைக்கொட்டு என்பதே அதன் பொருள். கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டு நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் பயனை அடையவில்லை. 1960-61இல் உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையானபோதும் இவை புறத்தே விடப்பட்டன. 1970களிலே தோட்டங்கள் அரசுடைமையானதன் பின்னரே இவை படிப்படியாகக் கல்வித் திணைக்களத்தின்கீழ் வந்தன.

பிள்ளைக் காம்பராவும் பீலிக்கரையும்

இத்துணை அச்சமும் வறுமையும் சூழ்ந்தவிடத்தே, அறவுணர்வு எங்கே முளைத்தது? முதலாவது விளைநிலம் பிள்ளைக் காம்பராவாகும். தாய்மார் மலைக்கு ஏறுமுன் கைக்குழந்தைகளை அங்கே விட்டுச் செல்வர். வரிசையாக ஏணைகள் தொங்கும். ஆயா ஒருத்தி இருப்பாள். ஆனால் குழந்தையைத் தூக்கி வருபவள் பெரும்பாலும் ஏழெட்டு வயது அக்காளே. அவள் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று எனக் கொணர்ந்து விடுவாள். தாய் பால் கொடுக்க இடையில் ஒருமுறை இறங்கி வருவாள். வேறொருத்தியின் குழந்தை வீறிட்டால், தன் தாய் வரக் காணாதவிடத்தும் அவளே சென்று ஏணையை ஆட்டுவாள். இப்பழக்கத்தை அவளுக்கு யாரும் பாடமாகச் சொல்லவில்லை.

இரண்டாவது விளைநிலம் பீலிக்கரையாகும். ஒரு லயத்தார் அனைவருக்கும் ஒரு பீலி. கோடையில் அதிலும் விரலளவே நீர் வரும். மாலையிலே குடங்கள் வரிசையாக நிற்கும். குடத்துக்குக் காவல் பிள்ளைகள். யார் முதல்வந்தார், யாருடைய குடம் நகர்த்தப்பட்டது என்னும் வழக்கெல்லாம் அங்கேயே எழும், அங்கேயே தீரும். நோயாளி வீட்டுக் குடமும் பேறுகாலத்து வீட்டுக் குடமும் வரிசை கடந்து முன்செல்லும் என்பது எழுதா விதி. அவ்விதியைப் பொய்யாகப் பயன்படுத்தியவன் மறுநாள் வரிசையின் கடைக்குத் தள்ளப்படுவான். கோலி விளையாட்டிலே பியாஜே கண்டதை நாங்கள் குடவரிசையிலே கண்டோம். வரிசையும் நீதி, வரிசையை விட்டுக்கொடுத்தலும் நீதி என்னும் நுட்பத்தை அங்கே பயின்ற பிள்ளை அதனைப் பின்னர் மறப்பதில்லை.

எனினும் உண்மையை மறைத்தலாகாது. பீலிக்கரையிலே சாதியும் நின்றது. யார் குடத்தை யார் தொடலாம் என்பதையும் பிள்ளை அங்கேதான் கற்றது. பிறர்க்கு உதவும் பண்பு தன் குழுவின் எல்லையோடு நின்றுவிடுதல் உண்டு. அன்பு தானாக முளைக்கலாம். அதன் எல்லையை விரிப்பதற்குச் சிந்தனை வேண்டும். அச்சிந்தனைக்கு வழிசெய்தவை கதையும் கூத்துமாம்.

இராப்பள்ளியும் கூத்தும்

தோட்டப் பாடசாலைகள் பெயரளவில் இயங்கிய காலத்திலே, எழுத்தறிந்த ஒருவர் லயத்துக் கோடியிலோ கோயில் மண்டபத்திலோ குப்பிவிளக்கை ஏற்றி இராப்பள்ளி நடத்துதல் வழக்கம். பகலெல்லாம் புல்லு வெட்டிய பிள்ளைகள் அங்கே ஆத்திசூடி ஓதினர். ஓதி முடித்தபின் கதை நிகழும். இராமாயணம், நல்லதங்காள், அரிச்சந்திரன், பொன்னர் சங்கர் என்பன கதைகள். மாசி மாதத்திலே காமன் கூத்து ஆடப்படும். காமன் கம்பம் ஊன்றிய நாள் முதல் காமன் எரிக்கப்படும் இரவு வரை தோட்டமே ஒரு மேடையாகும். தவத்திலிருந்த சிவனைக் கலைக்கத் தேவர் ஏவலாற் சென்ற மதன் எரிந்து சாம்பலாகிறான், இரதி புலம்புகிறாள், மீண்டும் உயிர் பெறுகிறான். ஏவியவர் குற்றவாளியா, ஏவலைச் செய்தவன் குற்றவாளியா என்னும் ஐயத்தைச் சிறுவர் மறுநாள் தேயிலை மலையிலே பேசிக்கொண்டே செல்வர். தமிழகத்திலே லாவணி பாடுவோர் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இருபாலாகப் பிரிந்து வாதிடும் மரபு இருந்தமையும் இங்கு நினைத்தற்குரியது. ஒரே கதையின் இரு பக்கத்தையும் எடுத்துரைக்கப் பழகுதல் அறச்சிந்தனைக்கு மிகச் சிறந்த பயிற்சியாம்.

இவ்வகையிலே மனுநீதிச் சோழன் கதை என் ஆய்வுக்குப் பெரிதும் துணைநின்றது. இளவரசனின் தேர்க்காலிலே கன்று மடிகிறது. பசு ஆராய்ச்சிமணியை அசைக்கிறது. அமைச்சர் பிராயச்சித்தம் போதும் என்கின்றனர். மன்னனோ தன் மைந்தனை அதே தேர்க்காலில் இடத் துணிகிறான். பெரியபுராணம் இதனைத் திருவாரூர்ச் சிறப்பில் வைத்துக் கூறும். பியாஜேயின் கோப்பைக் கதையோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். இளவரசன் கருதிச் செய்தானல்லன். கன்று தானே துள்ளி ஓடி வந்தது. அவ்வாறாயின் மன்னன் செய்தது நீதியா?

இக்கதையைப் பல ஆண்டுகளாகப் பல வகுப்புகளிலே சொல்லி, இவ்வினாவைக் கேட்டு வந்துள்ளேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுட் பெரும்பாலோர், கன்று செத்ததுதானே, தண்டனை சரிதான் என்பர். ஆறாம், ஏழாம் வகுப்பினர், "அவன் கன்றைக் கண்டானா சேர்?" எனத் திருப்பிக் கேட்பர். மூத்த வகுப்பினர், அரசன் மகனாகையால் விட்டுவிட்டால் ஏழை மகனுக்கு எந்த நீதி என வாதிடுவர். ஒருமுறை ஐந்தாம் வகுப்பிலே, வழக்கமாக வாய் திறவாத ஒரு சிறுமி எழுந்து, "கன்று செத்த பிறகு பசுவுக்குப் பால் கட்டியிருக்குமே சேர், அதுக்கு யார் என்ன செஞ்சாங்க?" என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. அவள் நாடோறும் பிள்ளைக் காம்பராவுக்குத் தங்கையைச் சுமந்து செல்பவள். பால் கட்டிய மார்போடு மலையிலிருந்து ஓடி வரும் தாய்மாரைக் கண்டவள். மன்னனும் அமைச்சரும் நீதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பசுவின் நோவை நினைந்தவள் அவளே. கில்லிகன் அம்மையார் ஒரு நூலால் உணர்த்தியதை அவள் ஒரு வினாவால் உணர்த்தினாள்.

சங்கமும் நீதியும்

கதையிலே கேட்ட நீதியை வாழ்விலே கேட்கலாம் என்பதைத் தோட்டத்துச் சிறார்க்குக் காட்டியது தொழிற்சங்க இயக்கமாகும். தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த பத்திரிகையாளரான கோ. நடேசையர், 1931ஆம் ஆண்டு அட்டனிலே அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடக்கினார். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் நிலையைப் பாட்டாக இயற்றி, கூட்டங்களிலே தாமே பாடினார். 1939ஆம் ஆண்டு இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. 1940ஆம் ஆண்டு சனவரியிலே முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார்.

இந்நிகழ்ச்சிகள் அரசியல் வரலாற்றிலே இடம்பெற்றுள்ளன. அவை பிள்ளைகளின் மனத்திலே செய்த மாற்றமோ பெரிதும் எழுதப்படவில்லை. நேற்றுவரை பிரட்டுக்களத்திலே தலைகுனிந்து நின்ற தந்தை, இன்று தலைவரோடு நின்று, "இது நியாயமா?" எனத் துரையை வினவுவதைப் பிள்ளை காண்கிறது. விதி என்பது மேலிருந்து விழும் இடியன்று, மனிதர் கூடிச் செய்வதும் கூடி மாற்றுவதுமாம் என அது அறிகிறது. பிறர்வழி ஒழுக்கத்திலிருந்து தன்வழி ஒழுக்கத்துக்குச் செல்லும் படியை ஒரு சமுதாயமே ஏறியது எனல் மிகையாகாது. மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, ஆசிரியராகவும், 1947இல் தலவாக்கலைப் பாராளுமன்ற உறுப்பினராகவும், கவிஞராகவும் விளங்கிய சி. வி. வேலுப்பிள்ளை இத்தலைமுறையின் குழந்தையே. லயத்து மக்களின் பாடல்களைத் திரட்டி நூலாக்கியவரும் அவரே.

ஆனால் ஏறிய படியிலிருந்து தள்ளப்பட்டதும் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30இல் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரின் கதியைப் பின்னர் தீர்ப்பதாக விட்டது. ஒரே லயத்திலே ஒரே ஏணையிலே வளர்ந்தவர் இரு நாட்டவராயினர். புகையிரத நிலையங்களிலே பிரிந்தோர் அழுத அழுகையை என் பெற்றோர் சொல்லக் கேட்டு வளர்ந்தேன். பிள்ளை ஒன்றுஞ் செய்யவில்லை. அதன் பெற்றோரும் ஒன்றுஞ் செய்யவில்லை. தண்டனை மட்டும் வந்தது. இத்தகைய உலகிலே நல்லொழுக்கம் பற்றிப் பாடஞ் சொல்லிய ஆசிரியர்களின் துணிவு வியக்கத்தக்கது. இக்குறை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலேயே பெரும்பாலும் தீர்ந்தது.

ஓர் ஆசிரியனின் தவறு

இனி, முற்கூறிய என் தவறுக்கு வருகின்றேன். 2002ஆம் ஆண்டு, பணியிற் சேர்ந்த தொடக்க காலம். தோட்டப் பாடசாலையொன்றிலே சரஸ்வதி பூசை. பிள்ளைக்கு ஒரு வடை என எண்ணி வைத்திருந்தோம். இறுதியில் ஒன்று குறைந்தது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் காற்சட்டைப் பையிலே அஃது இருந்தது. அவன் தன் பங்கையும் உண்டிருந்தான். கலைமகள் திருமுன்னே களவு செய்தாயே எனக் கூறி, எல்லாரும் காணப் பிரம்பால் அடித்தேன். அவன் அழவுமில்லை, காரணஞ் சொல்லவுமில்லை.

பாடசாலை கலையும் வேளையில் அவ்வகுப்புச் சிறுமி ஒருத்தி என்னருகே வந்து நின்றாள். "சேர், அவன் தனக்கு எடுக்கல்ல. பிள்ளைக் காம்பராவில இருக்கிற தங்கச்சிக்குத்தான் எடுத்தான்" என்றாள். "அப்பொழுதே ஏன் சொல்லவில்லை?" என்றேன். "நீங்க கேக்கல்லையே சேர்" என்றாள்.

அன்று மாலை பிள்ளைக் காம்பராப் பக்கமாக நடந்தேன். அந்த வகுப்புப் பிள்ளைகள் நால்வர் தம் பங்கிலே பாதியை வாழையிலையில் மடித்து வைத்திருந்து, அக்குழந்தைக்குப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தனர். என்னைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்தனர். இருபத்திரண்டு ஆண்டு வாழ்விலே நான் அடைந்த நாணத்துள் அது பெரியது. கொடுத்தற்குரியதை மறைக்கவேண்டிய செயலாக அவர்களுக்கு நான் ஆக்கிவிட்டேன்.

பின்னாளிலே, வெளிவாரிப் பட்டப்படிப்புக்காகப் பியாஜேயைப் படித்தபோது அவ்விரவு மீண்டது. உடைந்த கோப்பையை எண்ணும் இளஞ்சிறுவனின் படியிலே நின்றவன் நானே. குறைந்த வடையை எண்ணினேன். எண்ணத்தை நோக்கும் படியிலே நின்றவர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். அவன் எடுத்தது சரியென்று கூறுவேனல்லேன்; கேட்டுப் பெற்றிருக்கலாம். ஆனால் கேட்டாற் கிடைக்கும் என்னும் நம்பிக்கையை ஆசிரியன் முதலில் உண்டாக்கியிருத்தல் வேண்டும். பிரம்பைக் கைவிடுமாறு கல்வியமைச்சின் சுற்றறிக்கை 2005ஆம் ஆண்டு வந்தது. அதற்கு முன்னரே நான் கைவிட்டேன் எனின், பெருமை அச்சிறுமிக்குரியது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் ஒருசில முடிபுகள் பெறப்படும். தோட்டத்துச் சிறாரின் உதவும் பண்பு பொறுப்பை ஏற்றதனால் வளர்ந்தது. அவர்தம் நீதியுணர்வு ஒத்தவரோடு வழக்காடியதனாலும், கதையின் இரு பக்கத்தையும் ஆராய்ந்ததனாலும், பெரியோர் நீதி கேட்டு நிமிர்ந்ததைக் கண்டதனாலும் வளர்ந்தது. அச்சத்தால் விளைந்தது கீழ்ப்படிவே. அதனை அறமெனக் கொள்ளுதல் பொருந்தாது. மனப்பாடஞ் செய்த நீதிவாக்கியம், இவற்றோடு சேர்ந்தபொழுது பொருள் பெற்றது. தனித்து நின்றபொழுது நாவோடு நின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பொறுப்பு பண்பை வளர்க்கும் என்பதனால், பிள்ளையின் தலையிற் சுமையை ஏற்றுதல் நன்று என எவரும் கொள்ளற்க. தங்கையைச் சுமந்த அக்காளிடம் பண்பு வளர்ந்தது உண்மை. அவள் பாடசாலையை இழந்ததும் உண்மை. கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமியர் கற்றது அறமன்று, தனிமையே. ஆறு வயதுப் பிள்ளை தம்பிக்குச் சோறூட்டுவது வேறு. அப்பிள்ளையே தாயாக இருக்கவேண்டிய நிலை வேறு. கட்டாயக் கல்வி வயது 1998இல் 14 எனவும் பின்னர் 2016இல் 16 எனவும் வகுக்கப்பட்டமையும், வேலைக்கமர்த்தற்குரிய குறைந்த வயது 2021இல் 16ஆக உயர்த்தப்பட்டமையும் இவ்வேறுபாட்டைச் சட்டம் உணரத் தொடங்கியதன் அடையாளங்களாம்.

இன்று பிள்ளைக் காம்பரா சிறுவர் அபிவிருத்தி நிலையம் எனப் பெயர் பெற்றுள்ளது. தாய்மார் பலர் கொழுந்துக் கூடையை விட்டு வெளிநாடு செல்கின்றனர். பாட்டிமார் பேரப்பிள்ளைகளை வளர்க்கின்றனர். பல லயங்களிலே காம்பராவுக்குள்ளேயே குழாய்நீர் வருகின்றது, அஃது வேண்டியதே. ஆனால் பீலிக்கரை கற்பித்ததை இனி எவ்விடம் கற்பிக்கும் என்பது ஆசிரியராகிய நம் முன் நிற்கும் வினா. வகுப்பறையே அவ்விடமாதல் வேண்டும். வகுப்பு விதிகளைப் பிள்ளைகளே கூடி ஆக்கட்டும். மூத்தோர் இளையோருக்கு வாசிக்கக் கற்பிக்கட்டும். பிணக்கு நேர்ந்தவிடத்து இருபாலாரையும் பேசவிட்டுத் தீர்ப்பை அவர்களிடமே கேட்போமாக. கதையைச் சொல்லி முடித்தவுடன் நீதியையும் நாமே சொல்லிவிடாது, சற்றுப் பொறுத்திருப்போமாக.

இக்கல்லூரியிலே பயிலும் மாணவருட் சிலர் நாளை ஆசிரியராகி எங்கள் மலைகளுக்கு வரக்கூடும். அவர்களுக்கு யான் கூற விரும்புவது ஒன்றே. வகுப்பிலே ஏதேனும் குறைந்து காணப்படின், எண்ணிப் பார்க்குமுன் கேட்டுப் பாருங்கள். கேட்டால் பிள்ளைகள் சொல்வார்கள்.